ஒப்பந்தச் சீட்டு: பரிசா, கட்டாயமா, நீதிபதியா?

நோமிக்கில் விதியை மாற்றுவதுதான் ஆட்டம். 1982-இல் பீட்டர் சூபர் என்ற தத்துவப் பேராசிரியர் வெளியிட்டது. முதலில் 100 புள்ளி எடுத்தவர் ஜெயிப்பார். வியாசர்பாடியில் ஞாயிறு சாயங்காலம் கேரம் போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டு இதை ஆடும் எங்கள் செட், 'ஒப்பந்தச் சீட்டு' என்று ஒரு விதி போட்டது. ஓட்டுக்கு இத்தனை புள்ளி என்று இருவர் எழுதிக்கொள்ளலாம். விதி போட்டதோடு சரி, ஒருத்தரும் எழுதவில்லை.

இத்தனைக்கும் தேவை இருக்கிறது. மூல விதிப்படி, முறை வந்தவர் விதியை மாற்றக் கொண்டுவரும் தீர்மானத்தை முதல் இரண்டு சுற்றுக்கு எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் பெரும்பான்மை ஓட்டு போதும். அங்கேதான் வில்லங்கம். தீர்மானம் தோற்றால் கொண்டுவந்தவர் 10 புள்ளி இழப்பார். ஜெயித்தால் எதிர்த்தவருக்கு 10 புள்ளி வரும். எப்படியும் ஜெயிக்கும் என்று தெரிந்தால், "உனக்குத்தான் ஓட்டு" என்றவரே கையைத் திருப்புவார். ஆனாலும் சீட்டை நீட்டினால், "இன்னா நைனா, என் மேல நம்பிக்கை இல்லியா?" என்று மூஞ்சி சுருங்கிவிடும்.

எழுத வைக்க, முதலில் சீட்டுக்கு 2 புள்ளி பரிசு என்றோம். குவிந்தது. "நான் தும்மினால் நீ 1 புள்ளி தரணும்" ரகம்.

சீட்டில்லாமல் தீர்மானமே கூடாது என்பது அடுத்த யோசனை. எல்லோரும் எழுதுவதால் சங்கடம் போகும், உண்மை. ஆனால் யாரும் கையெழுத்துப் போடாவிட்டால் உங்கள் முறை அம்போ.

என் ஓட்டு மூன்றாவதுக்கு: வாய்வார்த்தை நீதிபதியிடம் செல்லாது. தகராறு வந்தால் முந்தைய முறை ஆடியவர்தான் நீதிபதி. மற்ற எல்லோரும் சேர்ந்து எதிர்த்தால்தான் அவர் தீர்ப்பு மாறும். "எனக்கு உன் மேல சந்தேகம் இல்லபா, ஜட்ஜ் கேக்க மாட்டாரு" என்று பழியை விதி மேல் போட்டுவிடலாம். முதல் துரோகம் நடக்கும்வரை சூடு பிடிக்காது, அதுதான் குறை. சீட்டும் ஒற்றை வரியாக இருக்கணும்: "ஆமாம் போட்டால் 4, மாறினால் 8 அபராதம்." அபராதம் 6-க்கு மேல் இல்லாவிட்டால் மாறுபவருக்கு நஷ்டமே கிடையாது, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்று பேர் மட்டும் ஆடும் நாளில் இந்த வழி எதுவும் வேண்டாம். இருவர் எழுதிக்கொண்டால் மூன்றாமவருக்கு ஆட்டமே இல்லை. சீட்டு விதியையே ரத்து செய்துவிட்டு ஆடுங்கள்.