போர் தண்ணீரில் டிஷ்வாஷர்: வருடக்கணக்கில் ஓட்டும்போது எது பழுதாகிறது, எதை நாமே சரிசெய்யலாம்

டிஷ்வாஷர் நின்றுபோனதும் மெஷினை இயக்கும் எலெக்ட்ரானிக் போர்டு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். நம்மூர் வீடுகளில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை தண்ணீர் சம்பந்தப்பட்டவை: தண்ணீர் உள்ளே வரவில்லை, வெளியே போகவில்லை, அல்லது வருகிற தண்ணீர் கடினமாக இருக்கிறது. மூன்றையும் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு மல்டிமீட்டர், நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், டார்ச், தடித்த கையுறை போதும். உள்தகட்டின் ஓரங்கள் கத்தி மாதிரி கிழிக்கும், கையுறையைத் தவிர்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடிய பிறகுதான் எதையும் தொட வேண்டும்.

அடிக்கடி வருவது தண்ணீர் தேங்குவதுதான். கழுவி முடித்த பிறகும் அடியில் தண்ணீர் நின்று நாற்றமடித்தால், முதலில் உருளை ஃபில்டரைத் திருகி எடுங்கள். தேங்கியதை டம்ளரால் மொண்டு, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் அடிக்குழி தெரியும். அதன் ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். பல மெஷின்களில் ஸ்பூன் காம்பால் நெம்பினாலே வந்துவிடும். சிலவற்றில் ஒரு திருகு இருக்கும். அதற்குள்தான் டிரெய்ன் பம்பின் குட்டி விசிறி. எலுமிச்சை விதை, கறிவேப்பிலைக் காம்பு, புளி நார், உடைந்த கண்ணாடித் துண்டு எல்லாம் இங்கே வந்துதான் சிக்கும். கண்ணாடி இருக்கலாம் என்பதால் விரலை விடாமல் மரக்குச்சியால் சுற்றிப் பாருங்கள். விசிறி நின்று நின்று, துள்ளித் துள்ளித்தான் சுற்றும். உள்ளே நிரந்தரக் காந்தம் இருப்பதால் அப்படி; பழுது இல்லை. இதைத் தெரியாமல் நல்ல பம்பைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. பிடிப்பே இல்லாமல் வழவழவென்று சுற்றினால்தான் சந்தேகப்பட வேண்டும்: விசிறி தண்டிலிருந்து கழன்றிருக்கும். பம்பின் இரண்டு முனைகளிலும் மீட்டர் வைத்தால் சுமார் 100 முதல் 200 ஓம் வரை காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) அறுந்துவிட்டது என்று அர்த்தம். மூடியைத் திரும்பப் போடும்போது ‘டிக்’ என்று உட்கார வேண்டும்; சரியாக உட்காராவிட்டால் பம்ப் ஓடினாலும் தண்ணீர் போகாது.

பம்ப் நன்றாக இருந்தும் தேங்கினால் டிரெய்ன் ஹோஸைப் பாருங்கள். சிங்க் அடியில் மடங்கியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். ஹோஸ் தரையோடு போகாமல், ஒரு இடத்திலாவது சுமார் 40 செ.மீ.க்கு மேல் ஏறி இறங்க வேண்டும். இல்லையென்றால் சிங்க் தண்ணீர் மெஷினுக்குள் திரும்பி வரும்; உள்ளே நிரம்பிய தண்ணீர் தானாக வடிந்துபோகவும் செய்யும்.

தண்ணீர் வரவில்லையா? இன்லெட் ஹோஸை மெஷின் பக்கம் கழற்றுங்கள். வால்வின் வாயில் விரல்நகம் அளவு வலை இருக்கும். போர் தண்ணீர் வீடுகளில் இது மணலாலும் துருவாலும் அடைந்துபோகும். பிளேயரால் மெதுவாக இழுத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். வால்வ் காயில் பெரும்பாலும் 3 முதல் 5 கிலோ ஓம் காட்டும். அடுக்குமாடியின் கடைசி மாடிக்காரர்களுக்கு வேறு சிக்கல். தொட்டி நேர் மேலே இருப்பதால் அழுத்தம் குறைவு. 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் (அழுத்தத்தின் அளவு). பல மெஷின்கள் குறைந்தது 0.5 பார் கேட்கும், சில 0.3 பாரில் ஓடும். தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பதே 0.3 பார். வால்வை மாற்றிப் பயனில்லை. சின்ன பிரஷர் பம்ப்தான் தீர்வு. ஆர்.ஓ. தண்ணீரை இணைக்கச் சொல்லும் யோசனையை விடுங்கள். அது சொட்டுகிற வேகத்தில் மெஷின் நிரம்பாமல் எரர் காட்டி நின்றுவிடும்.

தண்ணீரின் கடினத்தன்மைதான் மெஷினின் ஆயுளையே தீர்மானிக்கிறது. டிடிஎஸ் மீட்டரை நம்பாதீர்கள்; அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். கடினத்தன்மைக்கென்று தனியாகச் சொட்டு மருந்துப் பரிசோதனைக் கிட் கிடைக்கும். அதில் வரும் பிபிஎம் எண்ணை 17.8-ஆல் வகுத்தால் கடினத்தன்மையின் இன்னொரு அளவான ஜெர்மன் டிகிரி கிடைக்கும். 450 பிபிஎம் என்றால் சுமார் 25 டிகிரி. மேனுவலில் இதற்கான நிலையைப் பார்த்து மெஷினில் வைக்க வேண்டும். கடையிலிருந்து வந்த நிலையிலேயே ஓட்டினால் சால்ட் போட்டும் வெள்ளை படியும். டிஷ்வாஷர் சால்ட்தான் போட வேண்டும். சமையல் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள், மெஷினுக்குள் தண்ணீரை மென்மையாக்கும் ரெசினைக் கெடுக்கும். சிந்திய சால்ட் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் நிரப்பியதும் ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.

கண்ணாடி டம்ளரில் வெள்ளை இருந்தால் வினிகர் ஒரு சொட்டு விடுங்கள். கரைந்தால் சுண்ணாம்பு. கரையாவிட்டால் கண்ணாடியே அரித்துவிட்டது, திரும்ப வராது. சுண்ணாம்பு என்றால் காலி மெஷினில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் தூவி, டிடர்ஜென்ட் போடாமல், 60 டிகிரியில் ஓட்டுங்கள். தண்ணீரைப் பீய்ச்சும் ஸ்ப்ரே ஆர்மைக் கழற்றி ஓட்டைகளைப் பல்குச்சியால் குத்துங்கள். கடுகு அந்த ஓட்டைக்கே அளவெடுத்தது போல உட்கார்ந்துவிடும்.

மெஷின் ஆரம்பித்துச் சில நிமிடத்தில், தண்ணீர் சூடாகும் நேரத்தில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் ஹீட்டரில் மின்கசிவு இருக்கலாம். 2,000 வாட் ஹீட்டர் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். முனைக்கும் எர்த்துக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது. அந்த நிலையில் ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. பல புதிய மெஷின்களில் ஹீட்டரும் பெரிய பம்பும் ஒரே பாகம், விலையும் அதிகம். இதையும் போர்டையும் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. கழற்றிய பழைய பாகத்தை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

டிரெய்ன் பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்து மிதவை சுவிட்ச் தூக்கியிருக்கும். மெஷினைச் சாய்த்து வடித்தால் ஓடும், ஆனால் கசிவு அப்படியே இருக்கும். கை கழுவும் லிக்விட் போட்டு நுரை பொங்கியதா, ஹோஸ் கிளிப் தளர்ந்ததா, கதவு ரப்பரான கேஸ்கெட்டின் அடிப்பகுதியில் எண்ணெய் பிசுக்கு ஏறியதா என்று பாருங்கள். சரிசெய்ததும் முன்னடித் தகட்டை மாட்டாமல், ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்து ஒரு குறுகிய கழுவலை ஓட்டுங்கள். எந்தப் பேப்பர் நனைகிறதோ, அந்த இணைப்பைத் திரும்பக் கழற்ற வேண்டும்.