நூலக மாநாடு: மேசையா, ஸ்டாலா, டெமோ அமர்வா?

நூலக மாநாட்டில் பொருளைக் காட்சிக்கு வைக்க விரும்பும் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் கிடைக்கும்: நடைவழியோரம் ஆறடி மேசை, 3 × 3 மீட்டர் ஸ்டால், நிகழ்ச்சி நிரலிலேயே அரைமணி நேர டெமோ அமர்வு. பலரும் கையிருப்பைப் பார்த்துத்தான் தேர்வு செய்கிறார்கள். விற்கும் பொருளைப் பார்த்துத் தேர்வு செய்தால் செலவு மிச்சமாகும்.

நூலகர்கள் வருவது கட்டுரை கேட்க. அமர்வு நடக்கும்போது கண்காட்சிக் கூடம் காலியாகவே கிடக்கும். தேநீர் இடைவேளைகளையும் மதிய உணவு நேரத்தையும் கூட்டினால் ஒரு நாளில் இரண்டு மணி நேரம் தேறலாம். ஒருவர் நின்று பேசுவது மூன்று, நான்கு நிமிடம்தான்.

நூலக மென்பொருளோ மின்னிதழ்ச் சந்தாவோ விற்பவருக்கு மேசையே போதும். ஒரு மடிக்கணினி, பெரிய திரை ஒன்று, பின்னால் ஒரு ஸ்டாண்டி (நிற்கும் விளம்பரப் பதாகை). ஸ்டாண்டியின் கீழ்ப்பாதியை மேசை மறைத்துவிடும். பெயரும் பொருளும் மேலிருந்து ஒரு மீட்டருக்குள் வந்துவிட வேண்டும். தேநீர் கொடுக்கும் இடத்துக்கு ஒட்டிய மேசையைக் கேட்டு வாங்காதீர்கள். வரிசை உங்கள் முகப்பை மறைக்கும்; ஒரு கையில் கோப்பை, மறு கையில் தட்டு என்று நிற்பவர் விசைப்பலகையைத் தொடமாட்டார். மூன்று நான்கு இடம் தள்ளிக் கிடைத்தால் நல்லது.

மென்பொருளைக் காட்டும்போது சறுக்கும் இடம் அரங்கின் வைஃபை. ஐஎஸ்பிஎன் எண்ணைத் தட்டி, இன்னொரு நூலகத்தின் மார்க் பதிவை (கணினி படிக்கும் வடிவிலுள்ள நூல் விவரம்) இசட்39.50 என்ற நூலகத் தேடல் நெறிமுறை வழியாக இழுத்துக் காட்டுவது எல்லோருக்கும் பிடித்த டெமோ. அதற்கு வழக்கமான போர்ட், அதாவது நெட்வொர்க்கில் தரவு போய்வரும் வாசல் எண், 210. பல அரங்குகளின் நெட்வொர்க்கில் இணையதளங்களுக்கான 80, 443 தவிர மற்றவை அடைக்கப்பட்டிருக்கும். திரை சுழன்றுகொண்டே நிற்கும். எதிரில் நிற்பவர் மென்பொருளையே குறை சொல்வார். முழு அமைப்பையும் மடிக்கணினியிலேயே நிறுவி, இருநூறு முந்நூறு பதிவுகளை ஏற்றி வாருங்கள். அவற்றில் மார்க்கின் 880 புலத்தில் வேறு எழுத்துமுறைத் தலைப்புள்ள பதிவுகளும் இருக்கட்டும். அனுபவமுள்ள நூலகர் முதலில் தேடிப் பார்ப்பது அதைத்தான். பதிவை இழுத்துக் காட்ட மட்டும் சொந்த ஹாட்ஸ்பாட். அதையும் முந்தைய நாளே அதே இடத்தில் நின்று சோதித்துவிட வேண்டும்.

நூல்களில் ஒட்டிய டேக்கை ரேடியோ அலையால் படிக்கும் ஆர்எஃப்ஐடி கருவிகளை விற்பவருக்கு மேசை உதவாது. பதிவு செய்யாமல் நூலை வெளியே எடுத்துப் போனால் எச்சரிக்கும் கேட், சுயசேவை கியோஸ்க், நூல் திருப்பும் பெட்டி மூன்றுக்கும் தரை வேண்டும். இருபுறம் திறந்த மூலை ஸ்டால் என்றால் ஆட்கள் கேட்டின் நடுவே நடந்து பார்க்கலாம். ஆனால் ஸ்டாலின் அலுமினியச் சட்டங்களே எதிரி. 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஆன்டெனாவுக்கு அருகில் உலோகம் வந்தால் அதன் டியூனிங் விலகி, படிக்கும் தூரம் சுருங்கும். கேட்டைச் சட்டத்தோடு ஒட்டி நிறுத்தாமல் ஸ்டாலின் நடுப்பக்கம் தள்ளுங்கள். ரீடர் பலகையை இரும்பு மேசைமேல் வைத்தால் ஒரு நூலைக்கூடப் படிக்காமல் போகலாம். தடிமனான மரப்பலகை ஒன்றை அடியில் கொடுங்கள். ஐந்து மெல்லிய நூல்களை அடுக்கிக் காட்டும்போது டேக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக விழுந்தால் ஒன்றிரண்டு விடுபடும். மேலே, நடுவில், கீழே என்று இடம் மாற்றி ஒட்டி வாருங்கள். பக்கத்து ஸ்டாலிலும் கேட் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று குழப்பும். இடம் ஒதுக்கும்போதே அமைப்பாளரிடம் இதைக் கேட்டு, தள்ளி வாங்குவதுதான் வழி.

இரவில் கூடத்தின் மின்சாரத்தை அணைத்துவிடுவது வழக்கம். கியோஸ்க்கை அப்டேட்டில் விட்டுப் போனால் காலையில் அது பாதியில் நிற்கும்.

டெமோ அமர்வு இந்த இரண்டுக்கும் மாற்றாகாது. முப்பது பேர் உட்கார்ந்து கேட்பார்கள். தங்கள் நூலகத்துச் சிக்கலைச் சபையில் யாரும் சொல்லமாட்டார்கள், பின்னால் பேச ஒரு மேசை தேவைப்படும். மென்பொருளுக்கு மேசையும் அமர்வும் சேர்ந்து, பெரிய ஸ்டாலைவிட நன்றாக வேலை செய்யும் என்பதே எங்கள் கணிப்பு. மதிய உணவுக்குப் பின் தரும் நேரத்தை மறுத்துவிடுங்கள். அடுத்த அறையில் முக்கியப் பேச்சாளர் யார் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும் வருபவரின் முகவரி அட்டையை மட்டும் வாங்கி வைத்தால் பயனில்லை. நின்று பேசும் நூலகர் தனியாக வாங்கும் முடிவெடுப்பவர் அல்லர். குழு உண்டு, டெண்டர் உண்டு. அரைத்தாள் படிவத்தில் நான்கு கேள்விகள் போதும்: இப்போது எந்த மென்பொருள், எத்தனை நூல்கள், எத்தனை கிளைகள், தற்போதைய ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது. அந்தக் கடைசிப் பதிலை வைத்து, ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது கூப்பிடுங்கள். டெண்டர் வெளியான பிறகு கூப்பிட்டால் நிபந்தனைகள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்.