'100% அக்ரிலிக்' என்று விற்கும் பின்னல் நூல்: தலையில் வைக்கும் முன் கொளுத்திப் பாருங்கள்

லண்டனில் ஆப்பிரிக்க, கரீபியக் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்ட நம் பெண்களுக்கு, முக்கியமாக வீட்டிலேயே பிள்ளைகளுக்கு நூல் ட்விஸ்ட் போடுகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை. ஆன்லைனில் "முடிக்கான நூல் கிட்" வாங்கும் முன் படித்துவிடுங்கள்.

என் கணவர் லாகோஸ்காரர். மகளுக்கு அப்பா வழி முடி, நெருக்கமான சுருள். எண்ணெய் தடவி, இறுக்கிச் சடை போட்டு அனுப்புகிற கதையெல்லாம் அதில் நடக்காது. வறண்டால் ஒடியும், தினமும் சீவினாலும் ஒடியும். அதனால் முடியோடு நூலைச் சேர்த்து முறுக்கி, நுனி வெளியே தெரியாமல் சில வாரங்கள் விட்டுவிடுவோம். நைஜீரியாவில் இந்த நூலை 'பிரேசிலியன் வூல்' என்று கட்டுக் கட்டாக விற்பார்கள். பேர்தான் வூல் (கம்பளி), சரக்கு அக்ரிலிக் என்கிற செயற்கை இழை. அக்ரிலிக்காகத்தான் இருக்கவும் வேண்டும். எடை குறைவு, தலைக்குக் குளித்தாலும் சீக்கிரம் காயும். பருத்தி நூல் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். ஆட்டுக் கம்பளி அதைவிட மோசம். அதன் இழைகளில் செதில்கள் உண்டு. ஈரமும் உரசலும் பட்டால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகிவிடும். கம்பளி ஸ்வெட்டரைச் சுடுதண்ணீரில் துவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வழக்கமாக தென் லண்டனில் இருக்கிற பெக்கம் பக்கம் போய், கடையில் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன். இந்த முறை ஓர் ஆன்லைன் விற்பனையாளரிடம் வாங்கினேன். "100% அக்ரிலிக், குழந்தைகள் தலைக்கு ஏற்றது" என்று போட்டிருந்தார்கள். கொக்கி ஊசி, மணிகளோடு 18 பவுண்ட்.

கட்டம் கட்டமாக வகிடு எடுத்து, நூலை நடுவில் மடித்து வேரில் வைத்து, முடியை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் நூலோடு சேர்த்து ஒரு பக்கமாக முறுக்கி, பிறகு இரண்டையும் எதிர்ப்பக்கமாக ஒன்றன் மேல் ஒன்று சுற்ற வேண்டும். அந்தச் சனிக்கிழமை முழுக்க அதற்கே போயிற்று. நுனியைப் பலர் லைட்டரால் உருக்கி அடைப்பார்கள். குழந்தை தலைப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம் என்று நாங்கள் முடிச்சுதான் போடுவோம்.

முதல் குளியலிலேயே சிவப்புச் சாயம் கழுத்தில் வழிந்தது. அப்புறம் அரிப்பு. அதற்கும் அப்புறம் வேர்ப்பக்கம் கெட்டிப்பட ஆரம்பித்தது. பார்க்க வந்த நாத்தனார் ஒன்றும் பேசாமல் நூலில் ஒரு துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்து, சிங்க் மேல் வைத்துக் கொளுத்தினார். அக்ரிலிக் என்றால் உருகி, ஆறியதும் கறுப்பாகக் கெட்டியான மணி போல நிற்கும். இது முடி பொசுங்குகிற வாடையோடு கருகி, விரலில் தேய்த்ததும் பொடியாக உதிர்ந்தது. கம்பளி!

கழற்றியதைச் சொல்லி மாளாது. கண்டிஷனரைக் கொட்டிக் கொட்டி, ஊசி முனையால் இழை இழையாகப் பிரித்தோம். நெற்றியோரத்தில் சிலவற்றை முடியோடு சேர்த்து வெட்டத்தான் வேண்டியிருந்தது. அங்கே முடி ஏற்கெனவே மெல்லியது, இழுத்தால் வேரோடு போய்விடும். பள்ளியில் போட்டோ எடுப்பதும் அதே வாரம்.

நூல் உருண்டைகளில் இழை விவரம் போட்ட காகிதப் பட்டை ஏன் இல்லை என்று விற்பனையாளரைக் கேட்டதற்கு, மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கிறோம் என்று பதில். பிரிட்டனில் நூல் விற்றால் எந்த இழை எத்தனை சதவீதம் என்று குறித்துத்தான் விற்க வேண்டும், 2012ஆம் ஆண்டின் விதிமுறைகள் சொல்வது அது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "உறையைப் பிரித்துவிட்டீர்கள், சுகாதாரக் காரணத்தால் எடுக்க முடியாது" என்றார்கள். மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவர்களிடம் சொல்ல வேண்டிய சாக்கு இது. சொன்ன பொருள் வேறு, வந்த பொருள் வேறு என்றால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம், பிரித்திருந்தாலும் சரி. இதை எழுதி அனுப்பியதும் பாதிப் பணம் தருகிறோம், நீங்கள் எங்களைப் பற்றிப் போட்ட விமர்சனத்தை நீக்குங்கள் என்று பேரம். எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! நான் ஒத்துக்கொள்ளவில்லை. விளம்பரத்தின் படம், எரித்த நூலின் வீடியோ, அவர்கள் அனுப்பிய பதில்கள் எல்லாவற்றையும் வங்கிக்கு அனுப்பி, கார்டு வழியாகப் பணத்தைத் திரும்ப வாங்கினேன்.

அந்த விளம்பரம் இப்போது இல்லை. ஆனால் அதே படம் வேறொரு கடைப் பெயரில் 22 பவுண்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது: ரோஸ் நிறத் துணி மேல் பட்டை இல்லாத ஆறு உருண்டைகள், ஓரத்தில் மர மணிகள்.