வால்மீனுக்கு ஒரு வழி, சிறுகோளுக்கு வேறு வழி

வால்மீனைக் கண்டுபிடித்தால் உங்கள் பெயரே அதற்கு வந்துவிடும். 1995-இல் ஆலன் ஹேலும் தாமஸ் பாப்பும் ஒரே இரவில் தனித்தனியே பார்த்ததுதான் ஹேல்-பாப். இப்போது தானியங்கித் தொலைநோக்கிகள் முந்திக்கொள்வதால் அட்லஸ், பான்-ஸ்டார்ஸ் என்று திட்டங்களின் பெயரே திரும்பத் திரும்ப வருகிறது, எனக்கு அது பிடிக்கவில்லை.

சிறுகோளுக்கு உங்கள் பெயரை நீங்களே வைக்க முடியாது. முதலில் தற்காலிகக் குறியீடு, அப்புறம் சுற்றுப்பாதை உறுதியானதும் நிரந்தர எண், அதன் பிறகு 10 ஆண்டுகளுக்குள் கண்டுபிடித்தவர் ஒரு பெயரைப் பரிந்துரைக்கலாம். ரோமன் எழுத்தில் 16-க்குள் அடங்க வேண்டும், அரசியல்வாதி என்றால் இறந்து 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், கடைசியில் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். மெதுவான முறைதான், ஆனாலும் இதுதான் உசத்தி. 4130 என்ற எண்ணுள்ள சிறுகோள் ராமானுஜன், 1958 என்ற எண்ணுள்ளது சுப்ரமணியன் சந்திரசேகரின் நினைவாகச் சந்திரா.