ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டிஃபினிடிவ் எடிஷன்: கம்ப்யூட்டர் போங்கு ஆடுதா இல்லையா?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ன்னா ரிசோர்ஸ் சேத்து, ஊரு கட்டி, படை திரட்டி எதிராளிய அடிக்கிற கேம், அதோட புதுப்பிச்ச பதிப்பு தான் டிஃபினிடிவ் எடிஷன். இதுல கம்ப்யூட்டர் போங்கு ஆடுதான்னு கேட்டா மொதல்லயே பதில சொல்லிடுறேன், ஆடல. எக்ஸ்ட்ரீம்னு ஒரு உச்சகட்ட லெவல் இருக்கு பாருங்க, அதுல கூட கம்ப்யூட்டருக்கு ஓசில ஒரு பொட்டு தங்கம் கெடையாது. நம்மள மாதிரியே வேலை செய்ய 3 வில்லேஜர், வேவு பாக்க ஒரு ஸ்கவுட், 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல், இத வெச்சு தான் அதுவும் ஆரம்பிக்குது. கேம் வந்தது 2019 நவம்பர்ல, கிராஃபிக்ஸ் பத்தி எல்லாம் ஆயிரம் பேர் எழுதிட்டாங்க, அந்தப் பக்கமே நான் போகல. ஆன்லைன்ல முகம் தெரியாத பசங்ககிட்ட திட்டு வாங்க தெம்பு இல்லாம, ராத்திரி சாப்ட்டு முடிச்சிட்டு கம்ப்யூட்டரோட ஒரு மேட்ச் போட்டுட்டு தூங்கப் போற ஆளுங்களுக்கு இது தேறுமா தேறாதா, அது மட்டும் தான் இங்க.

இந்த சந்தேகம் நமக்கு ஏன் வந்துச்சுன்னா பழைய கேம் அப்படி. 1999ல என்செம்பிள் ஸ்டூடியோஸ் விட்ட ஒரிஜினல்ல ஹார்டெஸ்ட் போட்டா கம்ப்யூட்டருக்கு பின்வாசல் வழியா ரிசோர்ஸ் வந்துட்டே இருக்கும். கம்ப்யூட்டர் எப்படி ஆடணும்னு சொல்ற ஸ்கிரிப்ட் வெறும் டெக்ஸ்ட் ஃபைல் தான், நோட்பேட்ல தொறந்து யார் வேணா படிக்கலாம், அதுல சிசினு ஆரம்பிக்கிற கட்டளைங்க சிலது இருக்கும், எல்லாமே திருட்டு வேலைக்குன்னே இருக்கிறது. சிசி-ஆட்-ரிசோர்ஸ்னு ஒரு வரி போட்டா கேட்ட அளவுக்கு உணவோ தங்கமோ கஜானால வந்து விழும். இன்னொன்னு எதிராளி கட்டடத்த எண்ணுறது, அதுலயே ரெண்டு வகை, ஒண்ணு கண்ணுல பட்டத மட்டும் எண்ணும், சிசி போட்டது இருட்டுக்குள்ள இருக்கறதையும் சேத்து எண்ணிடும். ப்ரௌசிங் சென்டர்ல உக்காந்து "டேய் இவனுக்கு மட்டும் எங்கருந்துடா இவ்ளோ குதிரை வருது"ன்னு கத்துனதுல நியாயம் இருந்துச்சு.

டிஃபினிடிவ் எடிஷன்ல ஏஐய புதுசா எழுதிட்டாங்க. நம்பலன்னா நீங்களே செக் பண்ணலாம், இந்த கேம்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே அது தான். மேட்ச் முடிஞ்சதும் ரெக்கார்டட் கேம தொறந்து கம்ப்யூட்டர் ப்ளேயரோட பார்வைக்கு மாத்திக்கோங்க. அதோட ஸ்கவுட், ஊருக்கு மையமா இருக்கிற டவுன் சென்டர சுத்தி சுத்தி வந்து ஆடு தேடும், மேப் அதுக்கும் கருப்பா தான் இருக்கும். மேல ரிசோர்ஸ் நம்பர கவனிச்சுட்டே இருந்தா அடுத்த கட்டமான ஃப்யூடல் ஏஜுக்கு ஏற பட்டன அமுக்குற நொடில உணவுல 500 கொறையும், அதுக்கடுத்த காசில் ஏஜுக்கு 800 உணவும் 200 தங்கமும் போகும், வேற எந்த நம்பரும் திடீர்னு எகிறாது. காட்டுப்பன்னிய ஒரு வில்லேஜர் அம்பு விட்டு சீண்டி டவுன் சென்டர் வரைக்கும் இழுத்துட்டு வந்து மத்த வில்லேஜருங்க கூடி அடிக்கிறதெல்லாம் பாத்தா, நல்லா ஆடுற பையன் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கிற மாதிரி தான் இருக்கும், எத்தனையாவது வில்லேஜர மரத்துக்கு அனுப்பணும், வில்லேஜரோட தாக்குப்பிடிக்கிற பலத்த கூட்டுற லூம எப்ப போடணும்னு நான் பாதி கத்துக்கிட்டதே இதுல இருந்து தான். திருட்டு ஏஐகிட்ட இந்த வேலை நடக்காது, அவன் வண்டி ஓடுற பெட்ரோலே நமக்குக் கெடைக்காத பெட்ரோல், அவன் ரூட்ட பாத்து காப்பி அடிச்சு என்ன பிரயோஜனம்.

சரி, ரிசோர்ஸ்ல நேர்மை. கை வேகத்துல? நம்ம மாங்கனல், அதாவது கல்லெறியுற வண்டி, கல்ல வீசின உடனே கம்ப்யூட்டரோட வில்லாளிங்க ரெண்டா பிரிஞ்சு ஒதுங்கிடுவாங்க, அதே நேரத்துல பின்னாடி பண்ணை திரும்ப விதைக்கப்படும், அந்தப் பக்கம் ஒரு வில்லேஜர் வீடு கட்டிட்டு இருப்பான். நமக்கு இருக்கறது ஒரு மவுஸ், ஒரு ஸ்க்ரீன். இது போங்கா? 2019 ஜனவரில டீப்மைண்ட் கம்பெனியோட ஆல்ஃபாஸ்டார்ங்கிற ஏஐ, ஸ்டார்கிராஃப்ட் 2ங்கிற கேம்ல ரெண்டு ப்ரோ ப்ளேயருங்கள 10-0னு அடிச்சப்பயும் இதே சண்டை தான் வந்துச்சு, ஏன்னா அது கேமராவ நகத்தாமலே தன் கண்ணுக்கு எட்டின மொத்த மேப்பையும் ஒரே நேரத்துல பாத்துட்டு ஆடுச்சு, மனுஷன் மாதிரி கேமராவ நகத்தி தான் பாக்கணும்னு கட்டிப்போட்ட ஒரு மேட்ச்ல அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரான மானா அத ஜெயிச்சுட்டாரு. ஆனா எக்ஸ்ட்ரீம் ஏஐய ஆல்ஃபாஸ்டாரோட சேக்க முடியாது, கை வேகம் இருந்தாலும் புத்தி அவ்ளோ கெடையாது, அதனால எனக்கு இதுல பெரிய குறை இல்ல. மாங்கனல் விஷயத்துல மட்டும் எரிச்சல் வரும், ஒத்துக்கிறேன், காசு போட்டு சீஜ் வொர்க்‌ஷாப் கட்டினவனுக்குத் தான் தெரியும்.

இப்ப இத சிவிலைசேஷன் 6, அதாவது மாத்தி மாத்தி டர்ன் எடுத்து நாடு வளக்கிற கேம், பக்கத்துல வெச்சுப் பாருங்க. நல்ல கேம், நான் இன்னும் ஆடுறேன், ஆனா அதுல லெவல் ஏத்துறதுன்னா ஏஐ புத்திசாலி ஆகுறது இல்ல, பணக்காரன் ஆகுறது. பிரின்ஸ் லெவல் தான் சமநிலை, அதுக்கு மேல போகப் போக அள்ளிக் குடுப்பாங்க. உச்ச லெவலான டெய்டில நீங்க நகரம் கட்டுற செட்லர் ஒரே ஒருத்தனோட நிப்பீங்க, அவன் 3 செட்லர், 5 வாரியரோட எறங்குவான், உற்பத்திலயும் தங்கத்துலயும் 80 சதவீதம் கூடுதல், அறிவியல் கலாச்சாரத்துல 32 சதவீதம் கூடுதல். சண்டைல 4 பாயிண்ட் வேற. உங்க வாரியர் பலம் 20, அவனோட அதே வாரியர் 24ஆ நின்னு அடிப்பான். நம்ம மொத நகரம் மூச்சு விடறதுக்குள்ள அவன் மூணு ஊரு கட்டி முடிச்சிருப்பான், அப்புறம் எங்க ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி அதிசயமெல்லாம் கட்டுறது.

இதுல கொடுமை என்னன்னா இவ்ளோ குடுத்தும் அவனுக்கு சுவர் கட்டின நகரத்த ஒழுங்கா முற்றுகை போடத் தெரியாது. படைய வரிசையா கொண்டாந்து நம்ம வில்லாளிங்க முன்னாடி நிறுத்தி காலி பண்ணிப்பான். மொத 60, 70 டர்ன் உயிர் பொழச்சுட்டா அப்புறம் நம்ம ராஜ்ஜியம். அதனால டெய்டி ஆடி ஆடி ஒரே வேலைல தான் நாம கெட்டிக்காரன் ஆகுறோம், திருட்டுப் பணத்த தாங்கிப் பிடிக்கிறது. இத கேவலம்னு சொல்ல மாட்டேன், அந்த சதவீதமெல்லாம் ஊரறிஞ்ச கணக்கு தான், தெரிஞ்சே தான் ஏறுறோம், மறைச்சு பண்ணாத்தான் போங்கு. ஆனா தோத்தா என்ன கத்துக்கிட்டோம்னு கேட்டா பதில் இருக்காது.

இன்னொரு கூத்து, எல்லா போங்கும் நமக்கு எதிரா இல்ல. ஏலியன்களோட சண்டை போடுற எக்ஸ்காம் 2ல ஈசியான லெவல்கள்ல நம்ம சோல்ஜர் அடுத்தடுத்து மிஸ் பண்ணா அடுத்த ஷாட்டுக்கு சத்தம் இல்லாம சான்ஸ ஏத்தி விடுது, ஸ்க்ரீன்ல காட்டுற சதவீதம் ஒண்ணு, உள்ள ஓடுற கணக்கு வேற. அதுக்காக யாராவது புகார் சொன்னாங்களா? 95 சதவீதம் மிஸ் ஆனா மட்டும் தான் சத்தம். சிவிலைசேஷன உருவாக்கின சிட் மெய்யர் 2010ல ஜிடிசிங்கிற கேம் டெவலப்பர்கள் மாநாட்டு மேடைலயே இத சொல்லிட்டாரு, 3க்கு 1னு நமக்கு சாதகமா இருக்கிற சண்டைல தோத்தா ஆடுறவங்க கேம் கெட்டுப்போச்சுன்னு கோவப்படுறாங்க, அதே 1க்கு 3ல ஜெயிச்சா ஒரு வார்த்த பேசறது இல்லன்னு. நம்ம நியாயமே அவ்ளோ தான்.

திரும்ப நம்ம கேமுக்கு. குறைகள சொல்லணும்ல. லெவலுக்கு லெவல் தாவல் சீரா இல்ல, மாடரேட்ல கண்ண மூடிட்டு ஜெயிக்கிறவன் ஹார்டுக்குப் போனா அடி வாங்குறான், நடுவுல ஒரு படி இருந்திருக்கலாம். அப்புறம் ஏஐ ரோஷக்காரன், கொஞ்சம் இழப்பு ஆனதுமே ரிசைன் பண்ணிட்டு கெளம்பிடுறான், ட்ரெபுஷேங்கிற பெரிய கல்லெறி இயந்திரத்த இழுத்துட்டு கோட்டை வாசலுக்கு போய் சேர்றதுக்குள்ள மேட்ச் முடிஞ்சுபோச்சுன்னா எவ்ளோ கடுப்பா இருக்கும். நம்ம காசிலுக்கு, அதாவது கோட்டைக்கு, அடில படைய பொடிப்பொடியா அனுப்பி சாகடிக்கிற பழக்கமும் போகல. கூட்டாளியா வெச்சுக்கிட்டா பரவாயில்ல, சாட்ல 3னு அடிச்சா உணவு அனுப்பும், 31னு அடிச்சா எதிரி மேல பாயும், சில மனுஷக் கூட்டாளிங்கள விட சொன்ன பேச்சு கேக்கும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு தகவல், 2022 ஏப்ரல்ல வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாங்கிற டிஎல்சில (தனியா வாங்குற கூடுதல் பேக்) திராவிடர்னு தனி நாகரிகமே இருக்கு, உருமி சுத்துற வீரன், திரிசடைன்னு பெரிய கப்பல், ராஜேந்திர சோழன் கேம்பெயினும் உண்டு. ஒவ்வொரு ஏஜ் ஏறும்போதும் இவங்களுக்கு 200 மரம் சும்மா வரும், ரீப்ளேல அத மட்டும் பாத்துட்டு சீட்டுன்னு கெளம்பிடாதீங்க, அது அந்த நாகரிகத்தோட போனஸ், நீங்க எடுத்தாலும் அதே 200 தான். குதிரைப்படை சுமார், நைட் சுத்தமா கெடையாது, அதனால ஏஐ திராவிடர் வந்தா ஈட்டிக்காரன்ல காச கரைக்காம காலாட்படைய அடிக்கிற ஆளுங்களா சேத்து வைங்க. டிஎல்சி தனி காசு, மெயின் கேம் ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கடையோட சேல்ல அடிக்கடி கொறையும், கொறையும்போது வாங்கிக்கோங்க, முழு விலை குடுக்க அவசரம் எதுவும் இல்ல. என் மார்க் பத்துக்கு எட்டரை, அந்த ஒன்றரை போனது ரிசைன் பண்ணிட்டு ஓடுற பழக்கத்துக்கும் மாடரேட்-ஹார்டு பள்ளத்துக்கும்.