கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

மாரடைப்பு வந்து, அடைத்திருந்த இதய ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற சிறிய வலைக்குழாய் எனக்கு வைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும், கொலஸ்ட்ராலைக் குறைக்க இரவில் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம். மாரடைப்பு வந்தபோது 150 இருந்த எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 61-க்கு இறங்கியிருந்தது. டாக்டருக்குத் திருப்தி. எனக்கோ கால் வலி. இரவானால் தொடையிலும் கெண்டைக்காலிலும் ஒரு கடுப்பு வந்து தூக்கத்தைக் கெடுக்கும். அதை டாக்டரிடம் சொல்லாமல் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அவர்களில் ஒருவர்தான் மூலிகை கேப்சூல் விற்கும் ஓர் ஆலோசனை மையத்துக்கு வழி காட்டினார்.

அங்கே வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் டாக்டர் இல்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கால் வலி என்று சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார். "அண்ணா, ஸ்டாட்டின் கல்லீரலையே கரைச்சிடும். இன்னைக்கே நிறுத்துங்க. எங்க கேப்சூல் முழுக்க மூலிகை, ஸ்டாட்டின் ஒரு துளிகூட கிடையாது." ஆறு மாதத்துக்கான பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். அன்றிரவே மாத்திரையை நிறுத்தினேன்.

அடுத்த முறை போனபோது, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளையும் படிப்படியாக விடச் சொன்னார்கள். வீட்டில் மனைவி பிடிவாதமாக நின்றாள். "அதுல மட்டும் கை வைக்கக் கூடாது" என்று தினமும் அவளே கையில் எடுத்துக் கொடுத்தாள். மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்கள் பெரும்பாலும் ஒரு வருடம் அந்த இரண்டையும் சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளலாம், அது உயிரையே வாங்கும். இன்று நான் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் அவள் பிடிவாதமும் ஒரு காரணம்.

இரண்டாம் மாதம் அவர்களே ரத்தம் எடுத்து ஒரு ரிப்போர்ட் கொடுத்தார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நான் முழுசாக ஏமாந்தது அங்கேதான். வழவழப்பான தாள். மொத்தக் கொலஸ்ட்ரால் 196, எதிரே "200-க்குள் இயல்பு" என்று அச்சிட்டு ஒரு பச்சை டிக். டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 140, பச்சை டிக். நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 42, அதற்கும் டிக். "பார்த்தீங்களா, மாத்திரையே இல்லாம நார்மல்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தாளில் எல்டிஎல் என்ற வரியே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

மறைத்த அந்த எல்டிஎல் அளவை வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள்: 196-ல் 42 போனால் 154. டிரைகிளிசரைடை ஐந்தால் வகுங்கள்: 28. அதையும் கழித்தால் 126. டிரைகிளிசரைடு ரொம்ப அதிகமாக, 400-க்கு மேல் போனால் இந்தக் கணக்கு சரிவராது. மற்றபடி பல ஆய்வகங்கள் காலம் காலமாக இப்படித்தான் எல்டிஎல் போடுகின்றன. மாத்திரையோடு 61 இருந்தது, அவர்கள் கையில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது! மொத்தம் 196 என்பது இதய நோயே இல்லாத ஒருவருக்கு ஆறுதலான எண்ணாக இருக்கலாம். ஸ்டென்ட் வைத்தவருக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே இருக்க வேண்டும். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் 55-க்கும் கீழே கொண்டுவரச் சொல்கிறது. அச்சடித்த "இயல்பு" வரம்பு நம்மைப் போன்றவர்களுக்கானது இல்லை.

நான்காம் மாதம் மாடிப்படி ஏறும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. மையத்துக்குப் போன் செய்தேன். "உடம்பிலிருந்து நச்சு வெளியேறுதுண்ணா, பயப்படாதீங்க" என்றார்கள். நெஞ்சு இறுக்கத்தோடு பேசும் ஒரு இதய நோயாளியிடம் சொல்கிற பதிலா இது? இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மனைவி நேராக மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். புதிதாக மாரடைப்பு இல்லை. எல்டிஎல் 139.

டாக்டர் திட்டவில்லை. கேப்சூல் பாட்டிலைக் கேட்டு வாங்கி, மெதுவாகத் திருப்பி, லேபிளின் மடிப்பில் இருந்த பொடி எழுத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். "சிவப்பு ஈஸ்ட் அரிசிச் சாறு." அதில் மொனகோலின் கே என்ற பொருள் இருக்கிறதாம். அது வேறொன்றுமில்லை, லோவாஸ்டாட்டின். 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஸ்டாட்டின் மாத்திரையில் இருந்த அதே பொருள். ஸ்டாட்டின் விஷம் என்று சொன்னவர்கள் எனக்கு விற்றது ஸ்டாட்டின்தான், அதுவும் அளவு தெரியாமல். ஒரு தயாரிப்பில் அது நிறைய இருக்கும், இன்னொன்றில் பேருக்குத்தான் இருக்கும். சரியாகத் தயாரிக்காவிட்டால் சிட்ரினின் என்ற, சிறுநீரகத்தைக் கெடுக்கும் நச்சும் சேர்ந்து வரலாம். டாக்டர் கொடுத்த ஸ்டாட்டினோடு ரகசியமாக இதையும் சாப்பிடுபவர்கள் கவனியுங்கள்: இரண்டு ஸ்டாட்டின் ஒன்றாக உள்ளே போகிறது, தசைக்கு ஆபத்து கூடும்.

அப்புறம் கால் வலி. மாத்திரையை விட்டதும் குறைந்ததா என்று கேட்டார். முதல் இரண்டு வாரம் குறைந்தது, பிறகு பழையபடி வந்துவிட்டது என்பதே உண்மை. பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வைச் சொன்னார். 2020-ல் வெளியானது. சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, சில மாதம் எதுவும் இல்லை. ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் போலி மாத்திரை மாதங்களிலும் வந்தது. வலி பொய் என்று அவர் சொல்லவில்லை. நிஜமாகவே தசை பாதிக்கப்படும் சிலரும் உண்டு, அதைக் கண்டுபிடிக்கத்தான் சிகே என்ற ரத்தப் பரிசோதனை என்றார். எனக்கு அது சரியாகவே இருந்தது, கல்லீரல் பரிசோதனையும் சரியாக இருந்தது. "இதை அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா மாத்திரையை மாத்திக் கொடுத்திருப்பேனே" என்றார். இப்போது ரோசுவாஸ்டாட்டின் 10, கூடவே எசெடிமைப் 10. முதலாவது கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைக்கிறது, இரண்டாவது குடல் அதை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. ஆறு வாரத்தில் எல்டிஎல் 64. இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும் என்கிறார். கடுப்பு எப்போதாவது வருகிறது, தூக்கம் கெடுவதில்லை.

மையத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நீங்க பாதியில விட்டுட்டீங்க" என்று கைவிரித்துவிட்டார்கள். ரசீது, அந்தப் பச்சை டிக் ரிப்போர்ட், மூடி திறக்காத இரண்டு பாட்டில்கள் எல்லாவற்றையும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகாரோடு கொடுத்திருக்கிறேன். நீங்களும் இப்படி ஏதாவது வாங்கியிருந்தால் பாட்டிலைத் தூக்கி எறியாமல் அடுத்த முறை டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். அதுவரை, அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.