கொரியப் போர்ப் படங்கள்: பத்திரிகைப் பிரிண்டா, சிப்பாய் ஆல்பமா, வண்ண ஸ்லைடா?

கொரியப் போரின் (1950–53) பழைய படங்களைச் சேர்க்க இறங்கினால் ஏலத் தளங்களில் மூன்று வகை கண்ணில் படும்: செய்தி நிறுவனங்கள் நாளிதழ்களுக்கு அனுப்பிய கறுப்பு வெள்ளைப் பிரிண்டுகள், சிப்பாய்களின் சொந்த ஆல்பங்கள், கோடாக்ரோம் ஸ்லைடுகள் (புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கும், கோடாக் நிறுவனத்தின் வண்ண ஃபிலிம் துண்டுகள்). அமெரிக்க ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல் கோர் எடுத்த அதிகாரபூர்வப் படங்களும் உண்டு. அவற்றுக்குப் பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லை, அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து யாரும் பிரதி வாங்கலாம். அந்தக் காலத்துப் பிரிண்ட்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள் அதற்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை.

பத்திரிகைப் பிரிண்டின் பலம் அதன் முதுகில் இருக்கிறது. தேதி, இடம், நிறுவன முத்திரை, தட்டச்சு செய்து ஒட்டிய குறிப்புச் சீட்டு எல்லாம் அங்கேதான். அசோசியேட்டட் பிரஸ்ஸின் மேக்ஸ் டெஸ்ஃபோர் 1950 டிசம்பர் 4 அன்று பியோங்யாங் அருகே எடுத்த படத்தை நினைத்துப் பாருங்கள்: தேதோங் ஆற்றின் உடைந்த பாலத்து இரும்புச் சட்டங்களில் அகதிகள் தொற்றிக்கொண்டு கடக்கிறார்கள். அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற படம். இப்படிப் புகழ்பெற்ற ஒன்றை ‘ஒரிஜினல்’ என்று யாராவது விற்றால், எந்த ஒரிஜினல் என்று கேட்க வேண்டும். நெகட்டிவிலிருந்து அப்போதே போட்டதா, தொலைபேசிக் கம்பி வழியாக மின்குறிகளாக நாளிதழ் அலுவலகத்துக்கு வந்திறங்கியதா, பல ஆண்டு கழித்துப் போட்ட மறுபிரதியா? கம்பி வழி வந்ததை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மெல்லிய கோடுகள் தெரியும். மூன்றுக்கும் ஒரே விலை சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

படத்தின் மேல் எடிட்டர் இழுத்த வெட்டுக்கோடும், ஓவியர் தூரிகையால் பூசிய வெள்ளையும் குறை என்று பலர் விலை குறைப்பார்கள். எனக்கு அதுதான் சுவாரசியம். அன்றைய நாளிதழ் எதைக் காட்ட நினைத்தது, எதை மறைத்தது என்று அதில் தெரிகிறது. இன்னொன்று: 1950 டிசம்பரில்தான் செய்தியாளர்கள் மீது முழு ராணுவத் தணிக்கை வந்தது. அதற்கு முந்தைய மாதங்களின் படங்களை நான் முதலில் தேடுவேன்.

ஸ்லைடைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோடாக்ரோமை இருட்டில் வைத்திருந்தால் எழுபது ஆண்டு கழித்தும் நிறம் மங்காது. அடிக்கடி புரொஜெக்டரில் போட்டதுதான் வெளுக்கும். கேமராவுக்குள் இருந்த அதே ஃபிலிம் கையில் இருக்கிறது என்பதும் பெரிய விஷயம். ஆனால் அன்றைய கோடாக்ரோமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஏஎஸ்ஏ 10 மட்டுமே; மிகக் குறைவு. நல்ல வெயிலும் அசையாத ஆளும் வேண்டும். அதனால் ஸ்லைடில் வருவது பெரும்பாலும் முகாம், ஜீப், வயல், சிரிக்கும் குழந்தைகள். அவற்றை மட்டும் பார்த்தால் போரே சுற்றுலா மாதிரி தெரியும்! எழுத்துக் குறிப்பு எதுவும் இல்லாத ஸ்லைடு எந்த ஊர், எந்த ஆண்டு என்று கண்டுபிடிப்பதும் பெரும்பாடு.

என் ஓட்டு ஆல்பத்துக்கு. ஜப்பானில் விடுமுறைக்குப் போன சிப்பாய்கள் வாங்கிவந்த அரக்கு அட்டை ஆல்பங்கள் நிறையக் கிடைக்கின்றன: கறுப்புத் தாள், வெள்ளை மையில் கையெழுத்து. முக்கால்வாசி கூடாரமும் நண்பர்களும்தான், உண்மை. பிணங்களின் படம் இருந்தால் அந்த சிப்பாயே எடுத்தது என்றும் நம்பிவிடக் கூடாது. ஒருவர் எடுத்ததை மற்றவர்கள் பிரதி போட்டு வைத்துக்கொள்வது சகஜம். ஆனாலும் தென்கொரியத் துறைமுகமான பூசானில் கப்பல் இறங்கியது முதல் ஊர் திரும்பியது வரை ஒருவர் தானே அடுக்கிய வரிசை வேறெதிலும் கிடைக்காது. வியாபாரிகள் சிலர் பீரங்கிப் படத்தை மட்டும் உருவித் தனியாக விற்கிறார்கள். மிச்சமுள்ள பக்கங்கள் அநாதையாகிவிடும். உருவிய படங்களை நான் வாங்குவதில்லை. கிராக்கி இருக்கும்வரை உருவுவார்கள்.

போலியைப் பிடிக்க ஒரு சின்ன சோதனை. புகைப்படத் தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் 1950களின் நடுவில்தான் பரவலானது. 1950ஆம் ஆண்டுப் பிரிண்ட் என்று சொல்லி, புறஊதா விளக்கின் கீழ் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் சந்தேகப்படுங்கள். தொட்டால் பிளாஸ்டிக் போல வழுக்கும் தாள் அதைவிடப் பிந்தியது. வாங்கியதை பிவிசி உறையில் மட்டும் போடாதீர்கள். பாலியெஸ்டர் உறை நல்லது. படம் உங்கள் கைக்கு வந்ததால் பதிப்புரிமையும் வந்துவிடாது, அச்சிடுமுன் கவனம்.

நம் வாசகருக்கு ஆல்பத்தில் தனி லாபமும் உண்டு. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் இந்தியாவின் 60ஆவது பாராசூட் கள ஆம்புலன்ஸ் அந்தப் போரில் பணியாற்றியது. 1951 மார்ச்சில் முன்சான் அருகே அமெரிக்காவின் 187ஆவது படைப்பிரிவு வான்குடை வீரர்களோடு அதன் மருத்துவக் குழுவும் குதித்தது. போர்நிறுத்தத்துக்குப் பின் கைதிகளைக் காவல் காக்க இந்தியப் படை பன்முன்ஜொம் பகுதிக்குப் போனது. அமெரிக்கச் சிப்பாயின் ஆல்பத்தில் ஓரமாக நிற்கும் தலைப்பாகைக்காரர் யார் என்று விற்பவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 187ஆவது படைப்பிரிவு, அல்லது 1953 இறுதியில் பன்முன்ஜொம் என்று விற்பனைத் தலைப்பில் இருந்தால், எல்லாப் பக்கங்களின் படத்தையும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.